செட்டிநாட்டு நிலத்துக்கு எந்தத் தானியம்? வரைபடத்தைப் படிப்பது எப்படி

சிவகங்கை மாவட்டத்தில் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டைப் பக்கம் கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் தரிசு என்பதுதான் பலரின் கணக்கு. ஆனால் வானம் பார்த்த பூமிக்கு வரகு, குதிரைவாலி, கேழ்வரகு எல்லாம் இருக்கின்றன. எந்தப் பகுதிக்கு எது ஏற்றது என்று வேளாண் ஆய்வாளர்கள் வரைபடம் போடுவது இதற்காகத்தான்.

ஒரு வகை வரைபடம் இரண்டு எண்களை வைத்துப் போடுவது. மாவட்டத்தின் சாகுபடிப் பரப்பில் ஒரு பயிருக்கு உள்ள பங்கை மாநில அளவிலான பங்கோடு ஒப்பிடுவது பரவல் குறியீடு. மாவட்ட விளைச்சலை மாநிலச் சராசரியோடு ஒப்பிடுவது விளைச்சல் குறியீடு. இரண்டிலும் மாநில அளவு 100. இரண்டுமே 100-ஐத் தாண்டினால் அந்தப் பயிருக்கு அது உகந்த மண்டலம். பரப்பு நிறைய, விளைச்சல் கம்மி என்றால், மண் ஒத்துழைக்காமலே பழக்கத்தில் விதைத்துக்கொண்டு இருக்கலாம். பரப்பு கம்மி, விளைச்சல் நிறைய என்று வரும் பயிரைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். அதைக் கூட்ட இடம் இருக்கிறது.

இன்னொரு வகை, மண்ணின் ஆழம், வடிகால், சரிவு, கார அமிலத் தன்மை, மழை ஆகியவற்றைப் பார்த்துத் தரம் பிரிப்பது: நன்கு பொருந்தும், ஓரளவு பொருந்தும், சுமாராகப் பொருந்தும், பொருந்தாது. பெரும்பாலும் இருப்பதில் மோசமான அம்சம்தான் தரத்தைத் தீர்மானிக்கும். நம் செம்பூரான் கல் கலந்த செம்மண் மேட்டில் மழை நன்றாகப் பெய்தாலும் தண்ணீர் நிற்காது, மண்ணில் ஆழமும் இருக்காது. அங்கே நெல் வீண் பாடு. வரகு தாங்கும். கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நீர் தேங்கும் தாழ்வில் குதிரைவாலி சமாளிக்கும்.

சரி, உங்கள் வயலுக்கு எப்படித் தெரிந்துகொள்வது? 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல் சத்து உட்பட 12 அம்சங்களைச் சோதித்துத் தருகிறார்கள். தமிழக அரசின் 'தமிழ் மண்வளம்' இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தத் திட்டத்தில் மானாவாரி நிலத்துக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதே விதி. அது ஏறக்குறைய 25 ஏக்கர். அதற்குள் மேடும் இருக்கும், பள்ளமும் இருக்கும். அட்டையில் உள்ள மண் பக்கத்து வயலுடையதாகவும் இருக்கலாம்.

அதனால் சொந்தமாக மண் எடுத்துக் கொடுப்பதே நல்லது. வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம் வேண்டாம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, அதன் பக்கவாட்டை மேலிருந்து கீழாகச் சுரண்டி எடுங்கள். பத்து இடங்களிலாவது எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை விலக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோ மிஞ்சினால் போதும். உரம் போட்ட கையோடு எடுக்கக் கூடாது. மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒரே பையில் போட்டால் முடிவு இரண்டுக்கும் உதவாது.

சிறுதானியத்துக்கு மானியம் உண்டா என்பது இடத்தைப் பொறுத்தது. தமிழ்நாடு சிறுதானிய இயக்கம் 2023-24 வேளாண் பட்ஜெட்டில் ஐந்தாண்டுத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. சிறுதானியச் சிறப்பு மண்டலத்தில் புதுக்கோட்டை மாவட்டம் சேர்க்கப்பட்டதும் அதே பட்ஜெட்டில்தான். ஆகவே திருமயம், அரிமளம் பக்கத்துக்காரர்கள் தவறாமல் கேளுங்கள். சிவகங்கைக்காரர்கள் பட்டா, சிட்டா, அடங்கலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், இந்த ஆண்டு விதைக்கும் இடுபொருளுக்கும் என்ன ஒதுக்கீடு என்று விசாரியுங்கள். புரட்டாசிக்கு முன்னால் போவது உத்தமம். அப்புறம், வரகையும் குதிரைவாலியையும் உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் விதைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.