கூட்டத்துக்குப் போக முதலில் குடியை நிறுத்த வேண்டுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பெண் தன் கணவரை எங்கள் மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார். கைகளைத் துண்டால் கட்டியிருந்தார்கள். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று அவர் திமிறிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை இரவு வலிப்பு வேறு வந்திருக்கிறது. கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டேன்.

"புதன்கிழமை ராத்திரி சார். இன்னிக்கு சாயந்திரம் ஏஏ கூட்டத்துக்குப் போகணும்னு இருந்தார். குடிச்ச வாயோட அங்க எப்படிப் போறதுன்னு அவரே நிறுத்திட்டார்."

ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் அமைப்பு. இந்த வருடத்தில் இதே காரணத்துக்காக என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. "முதல்ல குடியை நிறுத்து, அப்புறம் கூட்டத்துக்குப் போ" என்று அவருக்கு யோசனை சொல்லி அனுப்பிய மாமா, மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோர் மேலும் இருக்கிறது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் சேர ஒரே ஒரு தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்கிற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்று எங்குமே சொல்லவில்லை. நேற்று குடித்தவர் வரலாம். மத்தியானம் ஒரு கட்டிங் போட்டவரும் வரலாம். அன்றைக்குக் குடித்திருந்தால் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள் என்பார்கள் பல குழுக்களில், அவ்வளவுதான். அந்த அமைப்பின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டிருந்த ஒரு பங்குத் தரகர் இன்னும் குடித்துக்கொண்டிருந்த ஓர் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். சந்தித்த பிறகும் மருத்துவர் ஒருமுறை வெளியூர் போய் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்தார். ஓர் ஆபரேஷன் செய்யப் போகிற காலையில் கை நடுங்கக் கூடாதே என்று குடித்த பீர்தான் அவருடைய கடைசிக் குடி. அந்த ஜூன் 10ஐத்தான் ஏஏ பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த மருத்துவரிடம் போய் "முதல்ல நிறுத்திட்டு வாங்க" என்று யாராவது சொல்லியிருந்தால் ஏஏவே இருந்திருக்காது.

"மாலை போட்டப்ப நாற்பத்தெட்டு நாள் தொடாம இருந்தாரே டாக்டர்" என்பது அடுத்த வாதம். கார்த்திகை முதல் வாரத்தில் எங்கள் வார்டில் வந்து பாருங்கள், மாலையோடு படுத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், அதை அடக்கவே ஒரு குவார்ட்டர் தேடுகிறவர், திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருத்துவமனையில் இதை மாத்திரையால் அடக்கிவிடலாம்.

சரி, கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போனில் தேடினால் மேலே வருவதெல்லாம் பணம் வாங்கும் மையங்களின் விளம்பரம். "வண்டி அனுப்புறோம், ஆளைத் தூக்கிட்டு வந்துடுவோம்" என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். ஏஏ கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், யாரையும் கட்டி இழுத்துப் போக மாட்டார்கள். முடிவில் ஒரு பை சுற்றி வரும். இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்தலாம். அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள், பக்கத்தில் எந்தக் கூட்டம் என்று சொல்வார்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி கேட்கலாம். சர்ச் வளாகத்தில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்று பயப்பட வேண்டாம். அறை கிடைத்த இடத்தில் கூடுகிறார்கள். கிளம்பும் முன் போன் செய்து நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள், இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெண்களுக்கு இந்த அறைகளில் நுழைவது இன்னும் சிரமம்தான். அவர்கள் ஆன்லைன் கூட்டத்தில் தொடங்கலாம்.

"டீ குடிச்சிட்டுப் பேசினா குடி போயிடுமா?" படிக்கிற காலத்தில் நானும் இப்படிச் சிரித்தவன்தான். மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. அது 27 ஆராய்ச்சிகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை அலசியது. ஏஏவுக்கு ஆட்களை முறையாக இட்டுச்செல்லும் சிகிச்சை, முழுதாகக் குடியை விட்டிருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை விட மேலாகவே இருந்தது. அதற்குப் பிறகு நான் சிரிப்பதில்லை. ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுப் பிடிக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். குழுவுக்குக் குழு முகம் வேறு, பேச்சு வேறு. நாலைந்து இடம் போய்ப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. அவரைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் காவல் நிற்காதீர்கள் அம்மா. உங்களுக்கென்றே, குடிப்பவர்களின் குடும்பத்தார் கூடிப் பேச, அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

காலையில் கை நடுங்குகிறதா? இன்று இரவே தனியாக நிறுத்திவிடாதீர்கள். நாளைக் காலை அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்குங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அதை வைத்துத்தான் நாங்கள் மாத்திரையைக் கணக்குப் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வார்டிலிருந்தே அனுப்பி வைக்கிறோம்.