கொழுப்பு மாத்திரையை விட்டால் முட்டிவலி போய்விடுமா?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். வயது 58, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தவர். இரவு 11 மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈசிஜி எடுக்கும்போதே மனைவி சொன்னார்: "மத்த மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போடுறாரு டாக்டர். அந்தக் கொழுப்பு மாத்திரைய மட்டும் விட்டு ஆறு மாசமாச்சு. முட்டியில இருக்குற கிரீஸையெல்லாம் அது வத்த வச்சிடுமாமே?"

இந்தக் கிரீஸ் கதையைக் கிளப்பிவிட்டவர் கையில் கிடைத்தால் கேட்க நிறைய இருக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பு கொலஸ்ட்ரால் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு சுரக்கும் நீர் அது. ஸ்டாட்டின், அதாவது உங்கள் கொழுப்பு மாத்திரை, அதை வற்ற வைப்பதில்லை. முட்டியில் தேய்வது குருத்தெலும்பு. வயது, எடை, பழைய அடி என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஸ்டாட்டின் தொந்தரவு செய்தால் தசையில் செய்யும். இரண்டு தொடையும், இரண்டு கெண்டைக்காலும், சிலருக்குத் தோள்களும் ஒரே மாதிரி வலிக்கும். பெரும்பாலும் மாத்திரையைத் தொடங்கிய அல்லது டோஸைக் கூட்டிய சில வாரங்களில். பத்து வருடமாகக் கறகறக்கும் ஒற்றை முட்டியின் பழியைப் போன வருடத்து மாத்திரை மேல் போடாதீர்கள்.

சரி, தசையை மட்டும் ஏன்? கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையை ஸ்டாட்டின் தொடக்கத்திலேயே அடைக்கிறது. சில புரதங்களில் மாட்டும் கொழுப்பு வாலும் அதே பாதையின் கிளையில்தான் தயாராகிறது. செல்லுக்குள் ரோ என்றொரு புரதம் உண்டு. செல்லுக்குச் சாரம் மாதிரி நிற்கும் ஆக்டின் இழைகளை எங்கே கட்டுவது, எங்கே இழுத்துப் பிடிப்பது என்று ஏவும் மேஸ்திரி. வால் இருந்தால்தான் சவ்வில் ஒட்டி நின்று வேலை வாங்கும். ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் செல்களுக்கு ஸ்டாட்டினை அதிகம் கொடுத்தால் ஆக்டின் கட்டு குலையும். வாலுக்கான மூலப்பொருளைச் சேர்த்தால் கட்டு மறுபடி சேர்ந்துவிடும். தசைவலிக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து 'தசை கரையும்' என்று வீடியோ போடுகிறார்கள். அந்தத் தட்டில் ஊற்றும் அளவு உங்கள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சோதனை ஒன்று 2020-இல் வெளிவந்தது. பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை விட்ட 60 பேர். நான்கு மாதம் அசல், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை, மாற்றி மாற்றி. எது அசல், எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. தொந்தரவுக்கு அவர்களே 100-க்குப் போட்ட மதிப்பெண்: எதுவும் போடாத மாதங்களில் 8, வெற்று மாத்திரைக்கு 15.4, அசலுக்கு 16.3. வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலி நிஜம்தான், பழிதான் ஆள் மாறி விழுகிறது. கணக்கைக் காட்டியபின் பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

வலித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், வாருங்கள். தசை சேதத்தைக் காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்போம், தைராய்டு பார்ப்போம். (தைராய்டு குறைந்தாலே தசை வலிக்கும், நாங்களே சில நேரம் மறந்துபோகிறோம்.) டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம்.

நான் நிஜமாகப் பயப்படுவது படர்தாமரைக்கு. அதற்குத் தரும் இட்ராகொனசோல், அட்டார்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை உடைக்கும் நொதியை முடக்கி ரத்தத்தில் அதன் அளவை ஏறவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. தோல் டாக்டரிடம் போகும்போது இதய டாக்டர் சீட்டையும் எடுத்துப்போங்கள், தயவுசெய்து. மெடிக்கலில் நீங்களே கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். தசை துவண்டு, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அப்போது மட்டும் மாத்திரையை விட்டுவிட்டு அன்றிரவே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னொரு ஸ்டென்ட். முட்டிக்குப் பிசியோதெரபி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.