வதிவிட அனுமதிக்குள் ‘அமைதி’ எங்கிருந்து வந்தது?

ஒஸ்லோவில் நம்மவர்களுக்கு நோர்வேஜிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். ஒருநாள் வகுப்புக்கு வந்த அக்கா ஒருவர் கையில் கடிதம். ‘ஒப்ஹோல்ஸ்டில்லாடெல்செ’ என்ற நீளச் சொல்லின் கீழ் பென்சில் கோடு.

"டீச்சர், ஒப்ஹோல் எண்டால் தங்குறது, விளங்குது. ஸ்டில்லாடெல்செ எண்டு அகராதியில ஒண்டுமே இல்லை. ஸ்டில்லெ எண்டால் அமைதிதானே, சத்தம் போடாமல் தங்கச் சொல்லுறாங்களோ?"

சிரிப்பு வந்தாலும் தப்பு அவருடையது இல்லை. கைதட்டி அசை பிரித்துத்தான் அவர் வாசிக்கப் பழகியிருந்தார். நீளச் சொல்லை அப்படிப் பிரித்தால் வெட்டு தவறான இடத்தில் விழும். முதலில் சொல்லாகப் பிரிக்க வேண்டும், அப்புறம்தான் அசை. இங்கே நடுவில் உள்ள ‘ஸ்’ வெறும் பசை. அதை இடப்பக்கச் சொல்லோடு விட்டுவிட்டால் மிஞ்சுவது ‘டில்லாடெல்செ’, அதாவது அனுமதி. சேர்த்தால் வதிவிட அனுமதி.

பசை எப்போதும் ‘ஸ்’ அல்ல. பார்ன் (பிள்ளை), ஹாகெ (தோட்டம்) இரண்டையும் ஓர் ‘எ’ ஒட்டி ‘பார்னெஹாகெ’ ஆக்குகிறது. நம் பிள்ளைகள் போகும் பாலர் பள்ளி. சில சொற்களுக்குப் பசையே வேண்டாம்: வீன்கிளாஸ், வைன் கிண்ணம். ஆனால் முதல் பாதியே கூட்டுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் ‘ஸ்’ வந்துவிடும்: ரோவீன்ஸ்கிளாஸ், சிவப்பு வைன் கிண்ணம். பெரிய மூட்டு எங்கே என்று அந்த ‘ஸ்’ காட்டிக்கொடுக்கிறது. கூட்டுச்சொல்லின் பொருளும் இலக்கணப் பாலும் கடைசிச் சொல்லுடையவை. பார்னெஹாகெ ஒரு வகை ஹாகெ, ஒரு வகைப் பார்ன் அல்ல.

‘பீல்டெக்’ இன்னொரு பொறி. பில்டெ (படம்) தெரிந்த மாணவர் அதையே அங்கே பார்ப்பார். உண்மையில் பீல் (கார்), டெக் (டயர்). ‘நட்டோக்’ என்ற இரவு ரயில் இன்னும் வேடிக்கை. நட் (natt), டோக் (tog) இரண்டும் சேரும்போது எழுத்தில் மூன்று ‘ட்’ (t) வர வேண்டும். மூன்று ஒரே மெய்யெழுத்தை அடுக்கி எழுதும் வழக்கம் இல்லாததால் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். வரி முடிவில் சொல்லை உடைத்து எழுதினால் விழுங்கியது திரும்பி வந்துவிடும்! மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் போவதைப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன?

எழுதும்போது இடைவெளி விடுவதுதான் பெரிய ஆபத்து. ‘தயிர்க்கடை’யில் ஒற்றைத் தொலைத்துத் ‘தயிர் கடை’ என்று எழுதினால் மத்தை எடுக்கச் சொன்னதாகிவிடும், இல்லையா? அதே கதை. ‘லம்மெலோர்’ ஆட்டுக்குட்டித் தொடை இறைச்சி. பிரித்து எழுதினால் செயலிழந்த தொடைகள். பேச்சில் குழப்பம் குறைவு, ஏனென்றால் கூட்டுச்சொல்லில் முதல் பாதிக்கே முதன்மை அழுத்தம். பிரிந்தால் இரண்டுக்கும் அழுத்தம். சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அந்த அக்கா பிறகு ஒரு கடைப் பலகையைப் படமெடுத்து அனுப்பினார். அன்னாசித் துண்டுகள் என்பதற்கான ‘அனனாஸ்பீட்டெர்’ இரண்டாக உடைந்து கிடந்தது. "டீச்சர், இங்க அன்னாசி கடிக்குதாம்!" எழுதியவர் நோர்வேக்காரராகத்தான் இருப்பார்.