டிரெட்நாட் கப்பலின் உண்மையான புரட்சி அதன் எஞ்சின் அறையில்

"டிரெட்நாட் ஜட்லாண்ட் போரில் கலந்துகொள்ளவே இல்லையே, அப்புறம் எதற்கு அதை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. டிரெட்நாட் பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாண்ட் போர் 1916-ல் நடந்தபோது அது பழுதுபார்ப்பில் இருந்தது. 1905 அக்டோபரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் கட்டத் தொடங்கி, 1906 பிப்ரவரியிலேயே கடலில் இறக்கிவிட்டார்கள். 1915 மார்ச்சில் யு-29 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மோதியே மூழ்கடித்தது, 1921-ல் பழைய இரும்புக்கு விற்கப்பட்டது. போர்க்கணக்கு அவ்வளவுதான்.

எல்லோரும் அதன் 12 அங்குலப் பீரங்கிகள் பத்தையும் பற்றிப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் டர்பைன், அதாவது நீராவி பாய்ந்து நேரடியாகச் சுழற்றும் எஞ்சின். பெரிய போர்க்கப்பல் ஒன்று நீராவி டர்பைனில் ஓடியது அதுவே முதல் முறை.

அதுவரை இருந்த பிஸ்டன் எஞ்சினில், டன் கணக்கில் எடையுள்ள இரும்பு மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டினால் அதிர்ந்து ஏதாவது ஒன்று பழுதாகும். நேரடியாகச் சுழலும் சக்கரம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் கொதிகலனின் அழுத்தம் முழுவதையும் ஒரே துவாரத்தில் விட்டால் நீராவி துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பாயும், அதை வீணாக்காமல் பிடிக்க அந்த வேகத்தில் பாதியளவாவது சக்கரத்தின் விளிம்பு ஓட வேண்டும், அன்றைய உலோகம் அதைத் தாங்காது.

பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் 1884-ல் செய்த வேலை இங்கேதான் அழகு. பெரிய அருவியைச் சின்னச் சின்னப் படிகளில் இறக்குவதுபோல, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அசையாத தகடுகள் ஒரு வரிசை, சுழலும் தகடுகள் ஒரு வரிசை, மறுபடி அசையாதவை என்று பல வரிசைகள். அசையாத வரிசை நீராவியை வளைத்துச் சரியான கோணத்தில் அனுப்பும், அடுத்த வரிசை அதை வாங்கிச் சுழலும். சுழலும் தகடுகளின் இடைவெளியும் குறுகிக்கொண்டே போவதால் நீராவி அங்கேயும் வேகம் பிடித்து, வெளியேறும்போது தகட்டைப் பின்னுக்கு உதைக்கும். போகப்போக நீராவி விரிவதால் தகடுகளும் நீண்டுகொண்டே போகும். மேட்டூர் அனல்மின் நிலையத்து டர்பைனும் அடிப்படையில் இதே குடும்பம்தான்.

1901-ல் வைப்பர், கோப்ரா என்ற இரண்டு டர்பைன் நாசகாரிக் கப்பல்கள் அடுத்தடுத்து அழிந்தன. பாம்புப் பெயர் ராசியில்லை என்று பேச்சு. ஒன்று மூடுபனியில் பாறையில் மோதியது, இன்னொன்று கடலில் இரண்டாக உடைந்தது; டர்பைன்மேல் பழி இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து கடற்படை பணத்தை நிறுத்தியிருந்தால் டிரெட்நாட்டுக்கு மணிக்கு 21 கடல் மைல் வேகம் கிடைத்திருக்காது. புதிய ஆராய்ச்சிக்கு நிதி தருபவர்கள் முதல் விபத்தோடு ஓடக்கூடாது என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

குறையும் உண்டு. டர்பைன் ஒரே திசையில்தான் சுழலும், அதனால் பின்னோக்கிப் போகத் தனி டர்பைன் வைத்தார்கள். டர்பைனுக்கு வேகமாகச் சுழன்றால் லாபம், கப்பலைத் தள்ளும் புரொப்பல்லருக்கு மெதுவாகச் சுழன்றால் லாபம். டிரெட்நாட்டில் இரண்டையும் நேரடியாக ஒரே தண்டில் இணைத்துச் சமாளித்தார்கள். நடுவில் கியர் போட்டு இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓட்டியது அதற்குப் பின்வந்த கப்பல்கள்.