சேர்நேம்: குடும்பப் பெயரா, தகப்பன் பெயரா?

வன்னியில் முன்பின் தெரியாத ஒரு பெடியனை வயதான ஆள் ஒருவர் வழியில் மறித்தால், முதலில் அவனுடைய பெயரைக் கேட்கமாட்டார். "நீ ஆற்றை மோன்?", அதாவது யாருடைய மகன், என்றுதான் கேட்பார். "கந்தையற்றை மோன்" என்று சொன்னால் போதும். எந்தக் குளத்தடி, எந்த வயல், தாய் எந்த ஊர் என்ற மிச்சமெல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்துவிடுவார். பெடியனின் சொந்தப் பெயர் கடைசியாகத்தான் வரும், சிலவேளை வராமலும் போகும்.

அதே பெடியன் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாஸ்போட்டுக்குப் படிவம் நிரப்பப் போகிறான். அங்கே ‘சேர்நேம்’ என்று ஒரு பெட்டி. எழுதிக்கொடுப்பவர் அதைக் ‘குடும்பப் பெயர்’ என்று தமிழாக்கிச் சொல்கிறார். "எங்கடை குடும்பத்துக்கு அப்பிடி ஒரு பேர் இல்லையே அண்ணை" என்று பெடியன் முழிக்கிறான். அவன் சொல்வது முழுக்கச் சரி.

சேர்நேம் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியின் ‘சுர்நோம்’ என்பதிலிருந்து வந்தது. ‘சுர்’ என்றால் மேலே, ‘நோம்’ என்றால் பெயர். இட்ட பெயருக்கு மேலதிகமாக ஒட்டிய பெயர் என்பதுதான் அதன் பொருள். குடும்பம் என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் முதலில் இருக்கவேயில்லை. ஒரே ஊரில் நாலு ஜோன் இருந்தபோது, கொல்லன் ஜோன், குன்றடி ஜோன், வில்லியத்தின் மகன் ஜோன் என்று வேறுபடுத்த வைத்த அடையாளம் அது. பின்னர் அந்த அடையாளம் பிள்ளைக்கும் பேரனுக்கும் அப்படியே போய் உறைந்தபோதுதான் அது குடும்பப் பெயரானது. ‘சர்’ பட்டத்தோடு தொடர்புபடுத்தி அதைத் தவறாக எழுதிய ஆங்கிலேயரும் இருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரை ‘சேர்’ என்று கூப்பிடுகிற எங்களுக்கு அந்தக் குழப்பம் எளிதாக விளங்கும்.

இப்படி உறைந்த பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் உலகம் முழுக்க ஒரே சில வகைகள்தான் கிடைக்கும். ஆங்கிலத்தில் ஸ்மித், ஜேர்மன் மொழியில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், இத்தாலியில் ஃபெராரி, அரபியில் ஹத்தாத். எல்லாருடைய முன்னோரும் இரும்படித்தவர்கள். காரின் மேல் எழுதியிருக்கும் ஃபெராரியும் கொல்லுப்பட்டறைப் பெயர்தான். சங்கப் புலவர்களில் ‘மதுரைப் பெருங்கொல்லன்’ என்றொருவர் இருக்கிறார். அவருக்கு அது அவரோடு முடிந்த அடையாளம், அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்பட்ட சொத்தல்ல. தொல்காப்பியம் பெயர்களை வகைப்படுத்தும்போது நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், உடைப்பெயர், பண்புகொள் பெயர் என்று அடுக்குகிறது. ஐரோப்பியக் குடும்பப் பெயர் அகராதி ஒன்றை இந்தத் தலைப்புகளின் கீழ் பிரித்து வைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

எங்களுடைய வழக்கம் வேறு. பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயர். கந்தையாவின் மகன் கந்தையா செல்வராசா. செல்வராசாவின் மகள் செல்வராசா துளசி. துளசியின் பெயரில் கந்தையா இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை முன்பெயர் மாறிக்கொண்டே போகும். இதற்குத் தமிழில் நேரான சொல் ‘தந்தை பெயர்’, பேச்சில் ‘தகப்பன் பேர்’. மொழியியலில் தந்தைவழிப் பெயர் என்பார்கள்.

இது நேற்று வந்த ஏற்பாடுமல்ல. தகப்பன் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது புணர்ச்சி எப்படி அமையும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் தனி விதியே உண்டு. ‘மக்கள் முறை தொகூஉம் மருங்கினான’ என்பது அந்த நூற்பாவின் தொடர். சாத்தன் மகன் கொற்றன் என்பது ‘சாத்தங்கொற்றன்’ ஆகும். தகப்பன் பெயரின் ‘அன்’ கெட்டு, நடுவில் ‘அம்’ சாரியை வந்து உட்காரும். தகப்பனையும் பிள்ளையையும் ஒட்டவைக்க இலக்கணத்தில் ஒரு பசை வைத்திருந்த மொழி இது! ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்ற பெயரில் ஊர், தகப்பன், பிள்ளை என்று வரிசை தெளிவாக நிற்கிறது. ‘மதுரை ஈழத்துப் பூதன்தேவனார்’ என்பதையும் பூதன் மகன் தேவன் என்று பிரிப்பது வழக்கம். பின்னாளில் வந்த இனிசல், அதாவது முதலெழுத்து, இந்த வரிசையை ஒரு புள்ளிக்குள் சுருக்கியது, அவ்வளவுதான். ‘தொடக்கம்’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘இனிஷியல்’ எங்கள் வாயில் இனிசலாகிவிட்டது. தமிழில் ‘க. செல்வராசா’ என்று எழுதுவதை விட்டு ‘கே. செல்வராசா’ என்று எழுதுகிற பழக்கம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கந்தையா எப்போது ‘கே’ ஆனார்?

வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் பழைய பிராமி எழுத்தில் ஒரு குகைக் கல்வெட்டு இருக்கிறது. மொழி பிராகிருதம். தமிழ் வணிகனான குடும்பத் தலைவன் விசாகனின் குகை என்பது அதன் செய்தி. இனம், தொழில், வீட்டில் அவன் நிலை, சொந்தப் பெயர் என்று நாலு அடையாளம் இருக்கின்றன. குடும்பப் பெயர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆளை அடையாளம் காண அது இல்லாமலே வேலை நடந்திருக்கிறது.

வன்னியில் ஆளின் பெயர் நிலைத்தது குளங்களில். முத்தையன்கட்டு, கனகராயன்குளம், பண்டாரிகுளம் என்று எத்தனை! பெயர்கள் குளக்கட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டன. பிள்ளைகள் அவற்றைச் சுமக்கவில்லை, ஊர் சுமக்கிறது. பட்டங்களும் இப்படித்தான். வன்னியன், வன்னியனார் என்பவை இந்த நிலத்துச் சிற்றரசர்களின் பட்டங்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்த பண்டாரவன்னியனின் பெயரில் அது இருக்கிறது. வேறு நாடென்றால் அந்தப் பட்டம் ஒரு பரம்பரையின் கடைசிப் பெயராக இறுகியிருக்கும். இங்கே அது வன்னியசிங்கம் என்று பிள்ளைக்கு வைக்கும் பெயராகத்தான் மிஞ்சியது.

பக்கத்தில் வேறு முறைகளும் இருக்கின்றன. சிங்களக் குடும்பப் பெயர்கள் பலவற்றின் இறுதியில் வரும் ‘கே’ வீட்டைக் குறிப்பது. இன்னார் வீட்டு ஆள் என்று பொருள். பெரேரா, சில்வா என்பவை போர்த்துக்கேயரோடு வந்தவை. பெரேரா பேரிக்காய் மரம், சில்வா காடு. வனத்திலிருந்து வன்னி வந்தது என்று சொல்பவர்களை நம்பினால் சில்வாவும் வன்னியும் பொருளால் சொந்தக்காரர் என்று பகிடி பண்ணலாம். ஆனால் நெருப்பு என்பாரும் வன்னி மரம் என்பாரும் உண்டு. மன்னார்ப் பக்கக் கத்தோலிக்கரிடம் சூசை, சந்தியாகு என்று போர்த்துக்கேயரின் யோசேப்பும் யாக்கோபும் தமிழாகி, சூசைப்பிள்ளை, சந்தியாப்பிள்ளை என்று முன்பெயராக நிற்கிறார்கள். பெயர் வெளியிலிருந்து வந்தது, வைக்கும் முறை எங்களுடையது.

குடும்பப் பெயர் இயற்கையானது, எல்லா நாகரிக நாட்டிலும் ஆதியிலிருந்தே உள்ளது என்ற எண்ணம் தவறு. பல இடங்களில் அரசாங்கம் கட்டளையிட்டுத்தான் அது வந்தது. வரி அறவிடவும் படைக்கு ஆள் எடுக்கவும் அது வசதி. பிலிப்பைன்சில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் ஒரு பெயர்ப் பட்டியலையே அனுப்பி, அதிலிருந்து எடுக்கச் சொன்னார். சில ஊர்களில் எல்லாருடைய கடைசிப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவது அதனால்தான். ஜப்பானில் 1875, தாய்லாந்தில் 1913, துருக்கியில் 1934. ‘அத்ததுர்க்’ என்பதே முஸ்தபா கெமாலுக்கு அந்தத் துருக்கிச் சட்டத்தின் வழி வந்த பெயர். ஐஸ்லாந்துக்காரர் பெரும்பாலோர் இன்றுவரை அப்படியொன்று வைக்கவில்லை. யோனின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். தொலைபேசிப் புத்தகம் அச்சில் வந்த காலத்தில் அதில்கூடச் சொந்தப் பெயர்தான் முதலில் நின்றது. எத்தியோப்பியரும் எங்களைப்போலத் தகப்பன் பெயர்க்காரர். ஆனால் அவர்கள் அதைப் பின்னால் வைப்பார்கள்.

வேல்ஸ் நாட்டாரின் கதை எங்களுக்கு நெருக்கம். அங்கே ‘அப் ரீஸ்’ என்றால் ரீஸின் மகன். ஆங்கிலச் சட்டப் பழக்கம் வந்து இறுக்கியபோது அந்த ‘அப்’பின் வால் பெயரில் ஒட்டி ‘பிரைஸ்’ ஆனது. ‘அப் ஹவெல்’ ‘பவெல்’ ஆனது. எப்போதோ இருந்த ஒரு தகப்பன் எல்லாத் தலைமுறைக்கும் தகப்பனாகிவிட்டார்.

இதே காரியம் இப்போது கனடாவிலும் லண்டனிலும் வன்னிப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. செல்வராசாவின் பாஸ்போட்டில் சேர்நேம் கந்தையா. அங்கே பிறந்த துளசியையும் கந்தையா என்றே பதிகிறார்கள். தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக உறைகிறது. ஒட்டுசுட்டானில் இருந்த கந்தையருக்குத் தெரியாமலே அவர் ஒரு பரம்பரையின் தலைவராகிவிடுகிறார். இங்கேயே பிறந்து தகப்பன் பெயரோடு போகும் பிள்ளைக்கோ வேறு சிக்கல். கந்தோரில் அவளை ‘மிஸ் செல்வராசா’ என்று கூப்பிடுவார்கள், அவள் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்ப்பாள். தாய், தகப்பன், பிள்ளை மூவருக்கும் மூன்று சேர்நேம் இருப்பதால் விமான நிலையத்தில் ஒரே குடும்பம்தானா என்று கேள்வி வருகிறது. பாஸ்போட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது சேர்நேமாகிவிடும். சொந்தப் பெயருக்குரிய இடத்தில் ‘எப்.என்.யு.’, அதாவது பெயர் தெரியாது, என்று விழும்.

மலேசியத் தமிழர் இதை வேறுவிதமாகச் சமாளித்தார்கள். செல்வராசா அ/லெ கந்தையா என்பதுபோல, மலாயில் ‘ஆண் பிள்ளை’ என்பதன் சுருக்கத்தை நடுவில் வைக்கிறார்கள். சாத்தங்கொற்றனின் ‘அம்’ சாரியை செய்த வேலையை இப்போது ஒரு சாய்கோடு செய்கிறது. எனக்கு இது பிடித்த ஏற்பாடு. தகப்பன் பெயரைத் தகப்பன் பெயர் என்றே காட்டுகிறது, குடும்பப் பெயராக வேசம் போடவில்லை.

ஆகவே சொல்லைப் பொறுத்தவரை என் முடிவு இது. ஸ்மித், பெரேரா போன்றவற்றைக் குறிக்கக் ‘குடும்பப் பெயர்’ நல்ல தமிழ். சிலர் எழுதும் ‘குலப்பெயர்’ வேண்டாம், அது சாதியைக் கேட்பதாகிவிடும். ‘கடைசிப் பெயர்’ என்பதும் எங்களுக்குப் பொருந்தாது, எங்கள் தகப்பன் முன்னாலல்லவா நிற்கிறார். தமிழருக்கான படிவம் என்றால் ‘தந்தை பெயர்’ என்று தனிப் பெட்டி வைப்பதே முறை. வளர்த்தவர் தாய் மட்டுமென்றால் தாயின் பெயருக்கும் அதில் இடம் வேண்டும். போர் முடிந்த வன்னியில் அது சின்ன விசயமில்லை.

படிவத்தை மாற்ற எங்களால் முடியாதவரை, சேர்நேம் பெட்டியில் தகப்பன் பெயரைப் போடுங்கள். எல்லாப் பத்திரத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். செல்வராசா என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று வந்துவிட்டால், பிறகு சமாதான நீதவானைத் தேடிப் போய், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டிவரும்.