கியூரிஸ்க் காட்டும் சதவீதம் எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்தில் ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரை நோயோ இல்லாத 40 முதல் 74 வயதினரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். பரிசோதனை முடிந்ததும் குடும்ப மருத்துவரின் திரையில் ஒரு சதவீதம் வரும். பத்தாண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான வாய்ப்பு அது. 12% என்றால், இதே வயதும் இதே அளவுகளும் உள்ள 100 பேரில் சுமார் 12 பேருக்கு வரும். அந்த 12 பேர் யார் என்று கணினிக்குத் தெரியாது.

இந்தக் கணக்கைப் போடுவது 2017இல் வெளியான கியூரிஸ்க் 3 என்ற கணிப்பு நிரல். வயது, பாலினம், புகைப்பழக்கம், ரத்த அழுத்தத்தின் மேல் எண், உயரம், எடை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். ஒற்றைத் தலைவலி, முடக்குவாதம் என்ற மூட்டு நோய், ஸ்டீராய்டு மாத்திரை, நெருங்கிய ரத்த உறவில் 60 வயதுக்குள் வந்த இதய நோய் ஆகியவையும் சேரும். அஞ்சல் குறியீட்டை வைத்து, வசிக்கும் பகுதியின் வறுமை நிலையையும் எடுத்துக்கொள்ளும். கொலஸ்ட்ராலில் அது பார்ப்பது விகிதத்தை: மொத்த அளவை ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல்லால் வகுத்து வருவது. மொத்தம் 6 மில்லிமோல், எச்டிஎல் 1 என்றால் விகிதம் 6. அதே மொத்தத்துக்கு எச்டிஎல் 1.5 இருந்தால் 4தான்.

விடுபட்ட கட்டங்களில்தான் கவனம் தேவை. கொலஸ்ட்ரால் அளவு பதிவில் இல்லையென்றால், அந்த வயதுக்கும் பாலினத்துக்கும் இனத்துக்கும் உரிய சராசரியை நிரலே நிரப்பிக்கொள்ளும். யாரை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அழைப்பது என்று ஆயிரக்கணக்கான பதிவுகளை வரிசைப்படுத்த இது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அந்த உத்தேச எண்ணை வைத்து ஒருவருக்குச் சிகிச்சை முடிவு செய்யக்கூடாது. இனக் கட்டம் காலியாக இருந்தால் வெள்ளையர் கணக்கு ஓடும். தெற்காசியரின் அபாயம் குறைத்துக் காட்டப்படும். இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவருக்குத் தனிப் பிரிவு உண்டு. இலங்கைத் தமிழருக்கு இல்லை, ‘பிற ஆசியர்’ என்பதில்தான் வருவார்கள். உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று வரவேற்பு மேசையிலேயே கேட்டுவிடலாம்.

நிரலும் தவறும். 2016இல் அங்கே பரவலாகப் பயன்பட்ட ஒரு மருத்துவப் பதிவு மென்பொருளில் இருந்த கணிப்பான் தவறான எண்களைத் தந்தது தெரியவந்து, பல நோயாளிகளுக்கு மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று.

இந்தச் சூத்திரத்தில் வயதின் எடை மிக அதிகம். 35 வயதில் தினம் ஒரு பாக்கெட் புகைப்பவருக்கும் எண் சிறிதாகவே வரலாம். அதைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. அவருக்கு ‘இதய வயது’ எவ்வளவு, அதாவது இதே அபாயம் உள்ள ஆரோக்கியமான ஒருவரின் வயது என்ன என்று காட்டினால் நன்றாகப் புரியும். டைப் 1 சர்க்கரை நோய், நாட்பட்ட சிறுநீரக நோய், பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம் என்கிறது, சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி. அவர்களின் அபாயம் ஏற்கெனவே அதிகம்.

10% அல்லது அதற்கு மேல் வந்தால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரையை 20 மில்லிகிராம் எடுப்பது பற்றிப் பேசுவார்கள். அதற்குக் கீழே இருந்தாலும், நோயாளி விரும்பினால் மறுக்க வேண்டியதில்லை. தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது கியூரிஸ்க்கை மீண்டும் ஓட்டி ஒப்பிடுவதில் பயனில்லை: மாத்திரையால் இறங்கிய விகிதத்தை அது இயல்பான விகிதமாகவே எடுத்துக்கொள்ளும்.