சோலை எப்படி ‘ஷோலா’ ஆனது?

மலை ஊர் ஒன்றில் வழி தவறி நின்றேன். எதிரே ஒரு பலகை: ‘ஷோலா காடு. உள்ளே நுழையக் கூடாது.’ தேயிலை பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் வழி கேட்டேன். “அந்தச் சோலைய ஒட்டியே போ தம்பி, ரோடு வந்துரும்” என்றார். பலகையும் அவரும் சொன்னது ஒரே காட்டைத்தான். நடுவில் ஒரு சொல் இங்கிலீஷுக்குப் போய் வேஷம் மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறிய பிறகு வெள்ளைக்காரர்கள் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கின் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாக ஒண்டிக்கிடக்கும் காட்டுத் துண்டுகளை உள்ளூர்க்காரர்கள் ‘சோலை’ என்றதைக் கேட்டு, ‘ஷோலா’ என்று எழுதிக்கொண்டார்கள். இங்கிலீஷில் கலந்த இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கிறது. தென்னிந்தியாவில் மரமடர்ந்த மலைப்பள்ளம் என்று பொருள் தந்து, தமிழ்ச்சொல் என்றும் குறித்திருக்கிறார்கள். ஆக, பிறப்பைப் பற்றி அவர்களுக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் நமக்குத்தான்.

சகரத்தை ‘ஷ’ ஆக்குவது அந்தக் காலத்து ஐரோப்பியர் காதுக்கு வழக்கம். செங்கோட்டை ஷென்கோட்டா ஆனது, சீர்காழி ஷியாலி ஆனது, சேர்வராயன் மலை ஷெவராய் ஆனது. சோழிங்கநல்லூர் இன்றைக்கும் இங்கிலீஷ் பலகையில் ‘ஷோ’ என்றுதான் தொடங்குகிறது. அதற்காக யாரும் தமிழில் ‘ஷோலிங்கநல்லூர்’ என்று எழுதுவதில்லை. சோலைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

இன்னொரு வேடிக்கை: இந்தியில் ‘ஷோலா’ என்றால் தீச்சுடர். தீ எட்டிப் பார்த்தாலே கருகிப்போகும் ஈரக்காட்டுக்கு இப்படி ஒரு பெயர்! வெள்ளைக்கார துரைமார் தலையில் இருந்த ‘சோலா’த் தொப்பியையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுவதுண்டு. அது நெட்டியில் செய்த தொப்பி. அந்தச் சொல் வடக்கே இருந்து வந்தது. நம் சோலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நம்மிடம் சோலை என்ற சொல் எவ்வளவு பழையது? திருமுருகாற்றுப்படை முடியும் இடத்தைப் பாருங்கள்: “இழுமென இழிதரும் அருவிப் பழமுதிர் சோலை மலைகிழ வோனே”. மலை, அதில் இறங்கும் அருவி, அதை ஒட்டிய சோலை என்று மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. (அந்தப் பழமுதிர்சோலை இன்று ஊருக்கு ஊர் பழக்கடைப் பலகையாகிவிட்டது, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புவோம்.) மலையாளத்தில் இதே சொல் ‘சோல’. அங்கே அதற்கு நிழல், மரத்தோப்பு என்ற பொருளோடு காட்டு நீரோடை என்ற பொருளும் உண்டு. நீரும் நிழலும் சேர்ந்திருக்கும் இடம் என்பதுதான் சொல்லின் உள்ளே கிடக்கும் பழைய படம் என்று நான் நினைக்கிறேன். நீலகிரியில் ஒரு சோலைக்குள் பத்தடி வைத்தால் இது புரியும். எங்கோ காலடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் சமவெளித் தமிழில் சோலையின் பொருள் மெல்லமெல்ல இளகிவிட்டது. பூஞ்சோலை, பாலைவனச் சோலை, கல்யாண மண்டபத்துப் பெயர்ப்பலகை என்று அலங்காரச் சொல்லாகிப் போனது. அதனால்தான் மொழிபெயர்ப்பவருக்கு ‘ஷோலா’வைப் பார்த்ததும் சோலை நினைவுக்கு வருவதில்லை. அவர் மனதில் சோலை என்றால் நீரூற்றும் சிமெண்ட் பெஞ்சும் இருக்கும் பூங்கா.

போன இடத்தில் இந்தச் சொல் ஒன்றைக் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டும் வந்திருக்கிறது: உயரம். தாவரவியல்காரர்கள் ஷோலா என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,500 மீட்டருக்கு மேலே உள்ள, இலை உதிர்க்காத குட்டை மரக்காடு என்று பொருள். இந்த எல்லைக்கோட்டை 1,700, 1,800 என்று இன்னும் மேலே இழுப்பவர்களும் உண்டு. ஏன் அங்கே ஒரு கோடு விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுவதுதான் எளிய வழி.

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. நடுவில் 46 கிலோமீட்டர் தண்டவாளம். பொதுக்கணக்காக ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 முதல் 6.5 டிகிரி குளிரும். அப்படியானால் அரை நாளில் சுமார் 12 டிகிரி இறங்குகிறோம். தாவர நூல் எதுவும் வேண்டாம், பழத்தைப் பார்த்தாலே உயரம் தெரியும். அடிவாரத்துக் கல்லாற்றில் பாக்குத் தோப்பு. கல்லாறு, பர்லியாறு பண்ணைகளில் மங்குஸ்தானும் துரியனும். குன்னூரைத் தொட்டால் பிளம்ஸ், பேரிக்காய். நட்ட மரத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், தானாக முளைத்த காட்டு மரத்துக்குக் கேட்கவா வேண்டும்?

கீழே வறண்ட முட்புதர். அதற்கு மேல் கோடையில் இலை கொட்டும் காடு. மழை நன்றாகப் பிடிக்கும் சரிவுகளில், சுமார் 700 முதல் 1,400 மீட்டர் வரை, வெடிபலாவும் நாங்கும் பாலாவும் முப்பது நாற்பது மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் பசுமைமாறாக் காடு. மரவகை அதிகம் இருப்பது இங்கேதான். கிழக்குச் சரிவில் இதன் கணக்கு எளிது: அடிவாரத்தில் வெயில் உண்டு, தண்ணீர் இல்லை; உச்சியில் தண்ணீர் உண்டு, வெயில் இல்லை; நடுவில் இரண்டும் கிடைக்கிறது. உலகத்தின் பல மலைகளில் தாவர வகைகள் நடு உயரத்தில் வயிறு பெருத்து, மேலே போகப்போக ஒடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அடிவாரம் முதலே மழை கொட்டும் சரிவில் இந்த வயிறு அவ்வளவாகத் தெரியாது. மேலே போகப்போகக் குறையும், அவ்வளவே.

நடுக்காட்டைத் தாண்டி மேலே வந்தால் வருவதுதான் நம் சோலை. பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டுவதே அதிசயம். காற்று மொட்டையடித்தது போலக் கூரை வழவழவென்று வளைந்திருக்கும். அடிமரம் கோணலாக இருக்கும், தளிர் செந்நிறமாக மின்னும். நாவல் இனங்கள், இலவங்க இனங்கள், காட்டுச் செண்பகம் எல்லாம் உண்டு. என்றாலும் மரவகைகளின் எண்ணிக்கை கீழ்க்காட்டைவிடக் குறைவுதான். ‘அப்போ இது ஏழைக்காடா?’ என்று கேட்டால் இல்லை. மரத்தை மட்டும் எண்ணினால் அப்படித் தோன்றும். மேகம் வந்து மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிடுவதால், ஒவ்வொரு கிளையும் பாசி, மரப்பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று தனித்தோட்டம் வளர்க்கிறது. அதோடு, இங்கே இருப்பவற்றில் பல வேறெங்கும் கிடையாது. குளிர் விரும்பும் செடிக்கு மலையுச்சி ஒரு தீவு மாதிரி; சுற்றிலும் இருப்பது கடலுக்குப் பதிலாக வெக்கை. சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசின் (ரோடோடெண்ட்ரான்) நெருங்கிய சொந்தங்கள் இமயமலையில் இருக்கின்றன. இடையில் உள்ள சமவெளி முழுக்க ஒன்றுகூட இல்லை.

சோலையின் ஓரத்தில் தவிட்டுப்பழம் பறித்துத் தின்றபடி வெளியே வந்தால், ஒரே அடியில் காடு முடிந்து புல்வெளி தொடங்கும். மரத்தை வெட்டியதால் வந்த வெற்றிடம் என்று நெடுங்காலம் பலர் நினைத்தார்கள். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த பாதி மக்கிய மண்ணைத் தோண்டி, அதிலுள்ள கரிமத்தை ஆராய்ந்து 1993-இல் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. ஊட்டிக்காரர்கள் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று பிரித்துச் சொல்வார்கள். அந்த உறைபனி திறந்தவெளியில் முளைக்கும் சோலை நாற்றைக் கருக்கிவிடுகிறது. தப்பியதைக் காட்டுத்தீ பார்த்துக்கொள்கிறது. தடித்த பட்டையுள்ள காட்டுப்பூவரசு மட்டும் புல்லுக்கு நடுவே தைரியமாக நிற்கும். புல்வெளியைத் ‘தரிசு’ என்று எழுதி வைத்து அதில் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டுத் தள்ளியது ஒரு சொல் செய்த நாசம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 1968-இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தி வைத்த அரசாங்கப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தெற்கத்திய மலை ஈர மிதவெப்பக் காடு’ என்று வரும். சொல்லி முடிப்பதற்குள் மேகம் மூடிவிடும். ‘மழைக்காடு’ என்பது கீழே உள்ள உயர்ந்த காட்டுக்கும் பொருந்துவதால் உயரம் தொலைந்துபோகும். ‘மேகக்காடு’ அழகுதான், ஆனால் அது உலகப் பொதுப்பெயர். என் தேர்வு ‘சோலைக்காடு’. பூங்கா என்ற மயக்கத்தைக் ‘காடு’ போக்கிவிடும். மலைக்காரர்களின் சொல்லும் கைவிட்டுப் போகாது. மலையிலேயே இருந்துகொண்டு பேசினால் வெறும் ‘சோலை’ போதும். கொடைக்கானலிலும் இடுக்கியிலும் ‘மதிகெட்டான் சோலை’ என்றே பெயர் இருக்கிறது: உள்ளே போனவன் வழி தெரியாமல் புத்தி பேதலித்துப் போவானாம். இடுக்கியில் இருப்பது 2003 முதல் தேசியப் பூங்கா. மதிகெட்டான் ‘ஷோலா’ என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பயமே வராது.

லத்தீனுக்குள் போய் உட்கார்ந்ததை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இந்தச் சோலைகளின் அடித்தளத்தில் தத்தித் திரியும் நீலநிறச் சிறு பறவைகளுக்கு 2017-இல் ‘ஷோலிகோலா’ என்று புதிய பேரினப் பெயர் வைத்தார்கள். ‘கோலா’ என்றால் லத்தீனில் வாழ்வது. சோலைவாழி என்று பொருள். அறிவியல் பெயரை அப்படியே எழுதத்தான் வேண்டும்.

எழுதுபவர்களுக்கு ஒரு சின்னக் கோரிக்கை. சோலையும் புல்லும் மாறிமாறிக் கிடக்கும் நிலத்துக்கு ‘சோலைப் புல்வெளி’ என்று எழுதாதீர்கள். சோலைக்குள்ளே புல் முளைத்திருப்பது போலப் பொருள் வரும். நிழல் கனத்த சோலைக்குள் அந்தப் புல் முளைக்காது. ‘சோலையும் புல்வெளியும்’ என்று ஓர் உம்மை கூடப் போட்டால் சரியாகிவிடும்.